பழைய டீசல் சிறுசரக்கு வண்டிகள்: நம்பகத்தன்மையும் வழக்கமான பழுதுகளும்

முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்டு, ஏறத்தாழ முக்கால் டன் முதல் ஒன்றரை டன் வரை ஏற்றக்கூடிய வண்டி சிறுசரக்கு வண்டி எனப்படும். தமிழ்நாட்டில் இதைப் பிக்கப், லோடு வண்டி என்றும், டாடா ஏஸ் வகையைக் குட்டியானை என்றும் அழைக்கின்றனர். பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகள் இன்றும் பல குடும்பங்களின் பிழைப்புக்கு ஆதாரமாக உள்ளன. இவ்வகை வண்டி எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அதன் வயதைவிட, அது சுமந்த பாரமும் அதன் எஞ்சின் கண்ட வெப்பமும் சிறு பழுதுகள் கவனிக்கப்பட்ட விதமுமே முடிவு செய்கின்றன.

வரலாறு

இந்தியாவில் இலகுரக டீசல் சரக்கு வண்டிகள் 1980களில் பெருகத் தொடங்கின. டாடா 407 1986-இலும், டாடாமொபைல் பிக்கப் 1988-இலும் அறிமுகமாயின. மகிந்திரா நிறுவனம் தன் ஜீப் வகை வண்டிகளில் பிரான்சு நாட்டுப் பெஜோ வடிவமைப்பிலான டீசல் எஞ்சினைப் பயன்படுத்தியது. பின்னர் வந்த அதன் பொலேரோ பிக்கப்பில் 2,523 சி.சி. எஞ்சின் இடம்பெற்றது.

2005 மே மாதம் வெளியான டாடா ஏஸ் இத்துறையில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. 702 சி.சி. அளவும் இரண்டு சிலிண்டர்களும் 16 குதிரைத்திறனும் கொண்ட சிறிய டீசல் எஞ்சினுடன் முக்கால் டன் ஏற்றும் நான்கு சக்கர வண்டியாக அது வந்தது. மூன்று சக்கர லோடு ஆட்டோ வைத்திருந்த பலர் இதற்கு மாறினர். 2011-இல் அசோக் லேலண்ட், நிசான் கூட்டு முயற்சியில் உருவான தோஸ்த் வண்டி ஓசூரில் தயாரானது. மூன்று சிலிண்டர், காமன் ரயில் எரிபொருள் முறை, ஒன்றேகால் டன் ஏற்றும் திறன் ஆகியவை அதன் சிறப்புகள்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிகளுக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. சிறிய வண்டிகள் சிற்றூர்களில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெசவூரில் வண்டியின் வேலை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்தை அடுத்துள்ள ஐயம்பேட்டை போன்ற நெசவூர்களைக் கொண்டு இவ்வண்டிகளின் தேய்மானத்தை விளக்கலாம். பட்டு நூல், சரிகை, பாவு, நெய்த சேலை ஆகியவை விலை மிகுந்தவை, ஆனால் எடை குறைந்தவை. இவற்றை மட்டும் ஏற்றும் வண்டியின் ஸ்பிரிங் பட்டையும் பேரிங்கும் நீண்ட காலம் உழைக்கும். அதே வண்டி மறுநாள் செங்கல், எம்-சாண்ட், சிமெண்ட் மூட்டை ஏற்றச் சென்றால் நிலைமை மாறிவிடும்.

பந்து பேரிங்கின் ஆயுள், அது தாங்கும் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது பொறியியல் விதி. இதன்படி சுமை கால்பங்கு கூடினால் பேரிங்கின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும். சுமை இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். ஒரே ஆண்டில் பதிவான இரு வண்டிகளில் ஒன்று உறுதியாகவும் மற்றொன்று தளர்ந்தும் இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

குறுந்தூர ஓட்டம் இரண்டாவது காரணம். ஊருக்கும் நகருக்கும் இடையே சில கிலோமீட்டர் ஓடி, நின்று, மீண்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதில்லை. முழுதும் எரியாத டீசல் ஆயிலில் கலக்கிறது, கரியும் படிகிறது. இவ்வண்டிகளுக்கு ஓடிய கிலோமீட்டரை மட்டும் கணக்கிடாமல், மாதக் கணக்கையும் பார்த்து ஆயில் மாற்ற வேண்டும்.

எரிபொருள் முறையும் அதன் பழுதுகளும்

பழைய டீசல் எஞ்சின்களை எரிபொருள் செலுத்தும் முறையால் இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் எஞ்சினால் சுழற்றப்படும் பம்ப் டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்புகிறது. இந்த நாசில்கள் ஏறத்தாழ 100 முதல் 250 பார் அழுத்தத்தில் திறக்கின்றன. இவ்வகைப் பம்புகளை இந்தியாவில் பரவலாக்கியது பெங்களூரில் 1951-இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம். 2008-இல் அதன் பெயர் பாஷ் என மாறிய பிறகும் பட்டறைகளில் 'மைக்கோ பம்ப்' என்ற பெயர் வழக்கில் உள்ளது. இரண்டாவது வகையான காமன் ரயில் முறையில் அழுத்தம் 1,000 பாரைக் கடக்கும். எரிபொருள் அளவைக் கணினி கட்டுப்படுத்தும்.

முதல் வகையைச் சிறு நகரப் பம்ப் பட்டறையிலேயே பிரித்துச் சரிசெய்யலாம். இரண்டாவது வகை குறைவாகப் புகைவிட்டு நன்கு இழுக்கும். ஆனால் பழுதைக் கண்டறிய ஸ்கேனர் கருவி வேண்டும். டீசலில் சிறிதளவு தண்ணீர் கலந்தாலும் அதன் இன்ஜெக்டர்கள் கெடக்கூடும். 'பழைய பம்ப் வண்டியே மேல்' என்று பலர் கருதுவதற்கு அது பழுதாகாது என்பது காரணமன்று. பழுதானால் அருகிலேயே சரிசெய்ய முடியும் என்பதே காரணம்.

இரு வகைக்கும் பொதுவான எதிரிகள் தண்ணீர், தூசி, காற்று ஆகிய மூன்றுமே. டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். டேங்க் காலியாகும் வரை ஓட்டினால் அடியிலுள்ள கசடு ஃபில்டரை அடைக்கும். குழாயில் காற்றும் புகும். காற்று புகுந்த எஞ்சின் செல்ஃப் சுற்றினாலும் பற்றாது. பம்ப் வண்டியில் ஃபில்டர் அருகே உள்ள கை பம்பை அழுத்தி, ஸ்குருவைத் தளர்த்தி, நுரையின்றி டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினால் போதும்.

புகையைக் கொண்டு பழுதறிதல்

கறுப்புப் புகை வந்தால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு என்று பொருள். முதலில் ஏர் ஃபில்டரையும், அதன்பின் நாசிலையும், கடைசியில் பம்பையும் பார்க்க வேண்டும். எளிய காரணத்தைச் சோதிக்காமல் பம்பை இறக்குவது வீண் செலவு.

நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். பிஸ்டன் ரிங், லைனர், வால்வு சீல் ஆகியவற்றில் தேய்மானம் இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை அழுத்தத்துடன் வெளிவருவது ரிங் தேய்ந்ததற்கு மற்றோர் அடையாளம்.

காலையில் சிறிது நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றால் ஹீட்டர் பிளக் அல்லது நாசில் பழுதாக இருக்கலாம். எஞ்சின் சூடான பிறகும் அது தொடர்ந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து வந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் செல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குளிர்விப்பு முறை

பழைய வண்டிகளில் பெருஞ்செலவு வைக்கும் பழுதுகள் பல அதிகச் சூட்டில் தொடங்குகின்றன. சிறு கசிவு, ஆடும் ஃபேன் பெல்ட், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் கொதிக்கும்; ஹெட் வளையும்; கேஸ்கெட் போகும்; தண்ணீர் ஆயிலில் கலந்து அது பால் காபி நிறமாக மாறும். அப்படியே ஓட்டினால் பேரிங்குகளும் கெட்டு முழு எஞ்சின் வேலையாக முடியும்.

ரேடியேட்டர் மூடி இதில் முக்கியமான சிறு பாகம். அது உள்ளே ஏறத்தாழ 0.9 பார் கூடுதல் அழுத்தத்தை வைத்திருந்தால் தண்ணீர் 118 பாகை செல்சியசு அளவில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால் 100 பாகையிலேயே கொதித்துவிடும். சூடான நிலையில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

கூலண்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றுவது பரவலான தவறு. அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து அடைக்கிறது. சூட்டைக் குறைப்பதாக எண்ணித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவதும் தவறு. எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி டீசல் செலவும் சிலிண்டர் தேய்மானமும் கூடும். சூடேறியதற்கான உண்மைக் காரணமும் மறைந்துவிடும்.

அடிப்பகுதி, கிளட்ச், மின்சாரம்

பாரத்தால் முதலில் பாதிக்கப்படுவது ஸ்பிரிங் பட்டை. ஒரு பட்டை ஒடிந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். கூடுதல் பட்டை சேர்த்தால் பின்புறம் தாழாது. ஆனால் ஆக்சில், சேசிஸ், பிரேக் ஆகியவற்றின் தாங்குதிறன் அதனால் கூடுவதில்லை. வண்டி நகரத் தொடங்கும்போது அடியில் 'டக்' என்ற ஓசை கேட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். மேட்டில் எஞ்சின் வேகமெடுத்தும் வண்டி நகராவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. கிளட்ச் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இதை விரைவுபடுத்தும்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் உடனே மோட்டாரை மாற்றத் தேவையில்லை. பேட்டரி முனைகளில் படிந்த உப்பையும், எஞ்சினிலிருந்து சேசிசுக்குச் செல்லும் எர்த் கம்பியையும் துடைத்து இறுக்கினாலே பல நேரம் சரியாகும்.

பிரேக்

எஞ்சின் பழுது வண்டியை நிறுத்திவிடும். பிரேக் பழுது நிற்க வேண்டிய வண்டியை ஓட விடும். எனவே செலவைத் தள்ளிப்போட முடியாத பகுதி இது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட்-3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை. ஈரம் சேர்ந்தபின் 140 பாகை வரை இறங்கலாம். தொடர்ந்து பிரேக் அழுத்தும்போது ஆயில் கொதித்து நீராவிக் குமிழ்கள் தோன்றினால் பெடல் அடிவரை சென்றும் பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இதை மாற்றுவது நல்லது. லைனிங், வீல் சிலிண்டர் கசிவு, கை பிரேக் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

உதிரிபாகங்கள்

பழைய வண்டியின் நம்பகத்தன்மையில் பாகம் கிடைப்பதும் அடங்கும். தமிழ்நாட்டுக்கு இதில் வசதி உண்டு. சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் (1949), லூக்காஸ் டி.வி.எஸ். (1961) முதலிய உதிரிபாக நிறுவனங்கள் பல பதிற்றாண்டுகளாக இயங்குகின்றன. புதுப்பேட்டை பழைய பாகங்களுக்குப் பெயர் பெற்ற சந்தை. கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ் கூடு போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், பேரிங், ஃபில்டர் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும்.

பழைய வண்டி வாங்கும்போது

எஞ்சின் முற்றிலும் ஆறிய நிலையில் வண்டியைப் பார்ப்பது முதல் விதி. சூடான எஞ்சின் தன் குறையை மறைக்கும். காலையில் எத்தனை சுற்றில் பற்றுகிறது, புகை என்ன நிறம், ஆயில் மூடியில் புகை தள்ளுகிறதா, ரேடியேட்டரில் குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சரக்குத் தொட்டியின் அடியில் சேசிஸ் துருவையும் வெல்டிங் தழும்பையும் தேட வேண்டும். பளபளக்கும் புதுப் பெயிண்ட் இவற்றில் எதற்கும் சான்றாகாது. ஆர்.சி., எஃப்.சி., காப்பீடு, சாலை வரி, கடன் நிலுவை ஆகியவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

பழுது பார்ப்பதா, கழிப்பதா

சரக்கு வண்டிகள் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. பெற வேண்டும். வண்டிகளைத் தாமாக முன்வந்து கழிக்கும் தேசியக் கொள்கை 2021 ஆகத்தில் தொடங்கப்பட்டது. தில்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு நீதிமன்ற ஆணைகளால் ஏற்பட்டது போன்ற வயதுத் தடை நாடு முழுதும் கிடையாது. தகுதிச் சோதனையே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

ஒரு பழுதின் செலவைக் கணக்கிடும்போது பட்டறைக் கூலியையும் பாக விலையையும் மட்டும் பார்த்தால் போதாது. வண்டி நின்ற நாள்களின் வருமான இழப்பையும் சேர்க்க வேண்டும். சேசிஸ் உறுதியாக இருந்து எஞ்சின் மட்டும் தேய்ந்திருந்தால், முழு எஞ்சின் வேலை பல ஆண்டுகள் பலன் தரலாம். சேசிஸ் துருப்பிடித்து விரிசல் கண்டிருந்தால், எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் அவ்வண்டியில் பாரம் ஏற்றுவது ஓட்டுபவருக்கும் சாலையில் செல்பவருக்கும் ஆபத்து. தண்ணீர், ஆயில், பிரேக், டயர் ஆகிய நான்கையும் தினமும் காலையில் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். பழைய வண்டி நடுவழியில் நிற்காமல் ஓடுவதற்கு இந்தப் பழக்கமே முதல் உத்தரவாதம்.