வாசலுக்கு வந்த குளம்

அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் அலிகேட்டர் எனப்படும் அமெரிக்க முதலைகள் சுமார் ஒரு லட்சம் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மீன் பிடிப்பவர்களும் வேட்டைக்காரர்களும் படகோட்டிகளும் தலைமுறை தலைமுறையாக அவை வாழும் சதுப்புகளுக்குள் போய் வந்திருக்கிறார்கள். ஆனாலும் 2016 வரை அந்த மாநிலத்தில் முதலை தாக்கி ஒருவர் இறந்ததாகப் பதிவு இல்லை. அந்த ஆண்டு ஜூலையில், சார்ல்ஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து தனியே வெளியே போன மூதாட்டி பக்கத்துக் குளத்தில் இறந்து கிடந்தார். 2018இல் ஹில்டன் ஹெட் தீவில் நாயோடு நடந்து போன பெண் ஒருவர். 2020இல் கியாவா தீவில் ஒரு பெண். 2022இல் மர்ட்டில் பீச் பகுதியில் ஓர் ஆண், அடுத்து ஓய்வுபெற்றோர் குடியிருப்பு ஒன்றில் வயதான பெண்மணி. 2023இல் மீண்டும் ஹில்டன் ஹெட், மீண்டும் நாயோடு நடந்த ஒரு பெண். ஏழு ஆண்டுகளில் ஆறு உயிர்கள் போயின. இவர்களில் காட்டுக்குள் போனவர் ஒருவரும் இல்லை. ஆறு பேரும் வீடுகளுக்கு நடுவே இருந்த குளங்களிலோ அவற்றின் கரையிலோ செத்தார்கள்.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் ‘முதலை இருந்த இடத்துக்குத்தானே மனிதர்கள் போனார்கள்’ என்ற பேச்சு எழும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மைதான். ஃப்ளோரிடாவும் தெற்குக் கரோலினாவின் கடலோரமும் தாழ்வான சமதளம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். அங்கே வீடு கட்ட வேண்டுமானால் மனையை உயர்த்தியாக வேண்டும். அதற்கான மண்ணை அதே இடத்தில் தோண்டி எடுக்கிறார்கள். தோண்டிய பள்ளம் குளமாகிறது. புதிதாக எழும் குடியிருப்பு தன் மழைநீரைத் தானே தேக்கி, வடியவைத்துத்தான் வெளியே விட வேண்டும் என்ற விதியும் இருப்பதால், அந்தப் பள்ளமே மழைநீர்க் குளமாகவும் பயன்படுகிறது. சுற்றிலும் புல்தரை போட்டு, ‘லேக் வியூ’ என்று சொல்லி, கரையை ஒட்டிய வீடுகளைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். குளத்தில் மீன் பெருகும், ஆமை வரும், வாத்து வரும். பிறகு கால்வாய் வழியாகவோ வடிகால் குழாய் வழியாகவோ தரைமேல் நடந்தோ முதலை வந்து சேரும். வெயில் காயக் கரை, தின்ன மீன், வேட்டைக்காரர் தொல்லை இல்லாத அமைதி எல்லாம் அதற்கு அங்கே கிடைக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் குளத்துக்கும் வீட்டுக்கும் ஒரே வயது. முதலையின் வீட்டுக்கு நாம் போனோம் என்பதைவிட, நம் கொல்லைப்புறத்தில் அதற்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தோம் என்பது உண்மைக்கு நெருக்கமானது. ஆகவே இந்த ஆபத்துக்கான பொறுப்பை முதலையின் குணத்தில் தேடுவதைவிட, குளத்தை எங்கே, எப்படி வெட்டுகிறோம், அதன் கரையில் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில் தேட வேண்டும்.

முதலைகள் பெருகியது உண்மை. தோலுக்காகக் கணக்கில்லாமல் கொல்லப்பட்டு, 1967இல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட இனம் இது. இருபதே ஆண்டுகளில், 1987இல், முழுமையாக மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்பு வரலாற்றில் இவ்வளவு தெளிவான வெற்றிகள் குறைவு. இன்று ஃப்ளோரிடாவில் மட்டும் சுமார் 13 லட்சம் முதலைகள் இருக்கின்றன, அதுவும் மாநிலத்தின் 67 மாவட்டங்களிலும். அதே காலத்தில் மனிதர்களும் பெருகினார்கள். 1970இல் 68 லட்சமாக இருந்த ஃப்ளோரிடாவின் மக்கள்தொகை இன்று 2.3 கோடியைத் தாண்டிவிட்டது. இவர்களில் பெரும்பங்கினர் வெளியிலிருந்து குடியேறியவர்கள், குளிர் தாங்காமல் வடக்கிலிருந்து வந்த முதியவர்கள், வேலைக்காக வந்தவர்கள். சதுப்போரத்தில் பிறந்து வளர்ந்தவருக்குச் சிறு வயதிலிருந்தே இருக்கும் எச்சரிக்கை இவர்களுக்கு யாரும் சொல்லித்தராதது. வீட்டை விற்பவருக்கும் அதைச் சொல்வதில் ஆர்வம் இருக்க நியாயமில்லை.

அந்த எச்சரிக்கை என்னவென்று பார்ப்போம். முதலை குளிர் ரத்தப் பிராணி. வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இரை எடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். 28 முதல் 33 டிகிரி வரை அதற்கு மிகவும் உகந்தது. ஆகவே கோடையும், அதிலும் அந்தி முதல் விடியல் வரையும், அது சுறுசுறுப்பாக இருக்கும் நேரம். ஏப்ரலில் இணை தேடத் தொடங்கும் காலத்தில் ஆண் முதலைகள் இடம் மாறி அலையும். கார் ஷெட்டிலும் நீச்சல் குளத்திலும் முதலை புகுந்த செய்திகள் அப்போதுதான் வரும். ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ பெண் முதலை 32 முதல் 46 முட்டைகள் இட்டு, குஞ்சு பொரிக்கும்வரை அருகிலேயே காவல் இருக்கும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது வேட்டை முறை. முதலை இரையைத் துரத்திப் பிடிப்பதில்லை, காத்திருந்து பிடிக்கிறது. கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய, சில நேரம் அதுவும் தெரியாமல், நீருக்குள் அசையாமல் கிடக்கும். எட்டும் தூரத்தில் இரை வந்ததும் ஒரே பாய்ச்சல். கவ்விய பிறகு நீருக்குள் இழுத்துச் சுழலும். அதன் கடியின் விசை 2,000 பவுண்டுக்கு மேல் அளக்கப்பட்டிருக்கிறது. முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்றொரு நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. அது யாருக்கும் உதவாது. நிலத்தில் ஆளைத் துரத்திப் பிடிப்பது அதன் வழக்கமே இல்லை. கரைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தச் சில நொடிகளில்தான் எல்லாம் முடிந்துவிடுகிறது.

நாய் இதில் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் இப்போது விளங்கும். தண்ணீர் குடிக்கவும் மோப்பம் பிடிக்கவும் நாய் கரை விளிம்புக்கே போகும். அதன் உருவமும் முதலை வழக்கமாகப் பிடிக்கும் பாலூட்டிகளின் அளவுக்கு ஒத்துப்போகும். மறுமுனையில் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் தன் நாயை விட்டுவிட மாட்டார். 2023 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் ஒரு முதிய பெண்மணி இறந்தது இப்படித்தான். பத்தடிக்கு மேல் நீளமான முதலை முதலில் அவருடைய நாயைக் குறிவைத்தது. ஓய்வுபெற்றோர் குடியிருப்பு, கரைவரை வெட்டிவிட்ட புல்தரை, தினமும் நடக்கும் பாதை. அவர் துணிச்சல் எதையும் காட்டிவிடவில்லை, அவருக்குத் தினமும் செய்து பழக்கமான ஒன்றைச் செய்தார்.

இன்னொரு காரணம் உணவு. இயல்பான முதலை மனிதரைக் கண்டால் விலகிப் போகும். ஒருமுறை மீன் துண்டும் ரொட்டியும் போட்டால், மனிதர் வந்தால் உணவு வரும் என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு காலடி ஓசை கேட்டால் ஒதுங்காது, கரையை நோக்கி வரும். ஃப்ளோரிடாவில் முதலைக்கு உணவிடுவது குற்றம். ஆனாலும் வேடிக்கைக்காகவும் படம் எடுக்கவும் உணவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலைக்கென்று போடாவிட்டாலும், வாத்துக்கும் ஆமைக்கும் போடுவதும், சுத்தம் செய்த மீனின் கழிவைக் குளத்தில் எறிவதும் அதே பலனைத்தான் தரும். இதில் என்னை மிகவும் உறுத்துவது, உணவு போட்டவரும் கடிபடுபவரும் பெரும்பாலும் ஒருவராக இருப்பதில்லை என்பதே. வார விடுமுறைக்கு வந்து கோழித்துண்டு எறிந்தவர் ஊர் திரும்பிவிடுவார். அடுத்த வாரம் அதே கரையில் வேறு யாருடைய குழந்தையோ விளையாடும்.

இந்தப் பயம் மிகையானது என்று சொல்பவர்களிடம் வலுவான எண்கள் இருக்கின்றன. ஃப்ளோரிடாவின் வனவிலங்கு ஆணையக் கணக்குப்படி, மனிதர் சீண்டாமலே நடந்து, மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்ட முதலைக் கடிகள் ஆண்டுக்குச் சராசரியாக எட்டு. 1948 முதல் 2022 வரை அந்த மாநிலத்தில் உயிரிழந்தவர்கள் 26 பேர். ஒருவருக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு 31 லட்சத்தில் ஒன்று. நீச்சல் குளத்திலும் சாலையிலும் போகும் உயிர்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சராசரிக்குள் மயாமியின் இருபதாவது மாடியில் வசிப்பவரும் இருக்கிறார், தினமும் அந்தியில் குளக்கரையில் நாயை நடத்திச் செல்லும் எண்பது வயதுக்காரரும் இருக்கிறார். இருவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. முதியவர்களும் குழந்தைகளும் கரையோரத்தில் வசிப்பவர்களும் சேர்ந்து சுமக்கும் ஆபத்தை மாநிலம் முழுவதற்கும் பங்கிட்டால் அது மறைந்துதான் போகும். மேலும், அந்த எண் தானாகச் சிறியதாக இருக்கவில்லை. அபாயமானவை என்று புகார் வரும் முதலைகளை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்றுவதற்கென்றே ஓர் அரசுத் திட்டம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

அப்படியானால் குடியிருப்புகளில் உள்ள எல்லா முதலைகளையும் அகற்றிவிடலாமே என்பது எதிர்ப்பக்க வாதம். பெரிய முதலையை, மனிதரிடம் பயம் விட்டுப்போன முதலையை, உடனே அகற்றத்தான் வேண்டும். அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் குளங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் நிலத்தில், ஒரு முதலையை எடுத்த இடத்துக்கு இன்னொன்று வரும். வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடுவதும் கைகொடுப்பதில்லை. வளர்ந்த முதலை பிடிபட்ட இடத்துக்கே திரும்பப் பார்க்கும், வழியில் வேறு குடியிருப்புகளைக் கடக்கும். அதனால்தான் பிடித்தவற்றைப் பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள். வேடிக்கையாக உணவு போட்டுப் பழக்கியவர் அந்த முதலையின் சாவுக்கும் காரணமாகிறார். காட்டில் அதன் பங்கையும் மறக்கக் கூடாது. ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் வறட்சிக் காலம் கடுமையானது. அப்போது முதலைகள் தோண்டி வைத்த பள்ளங்களில் மிஞ்சும் நீர்தான் மீன்களையும் பறவைகளையும் காப்பாற்றுகிறது. இனத்தையே ஒழித்துப் பாதுகாப்பு தேடினால் இழப்பு பெரிதாக இருக்கும்.

மிச்சமிருப்பது வடிவமைப்பும் அறிவிப்பும். நடைபாதையைக் கரையிலிருந்து தள்ளிப் போடலாம். கரைவரை புல்தரை போடுவதற்குப் பதில் நாணலும் புதரும் வளரவிடலாம், தாழ்வான வேலி போடலாம். புதரில் முதலை மறைந்திருக்குமே என்று கேட்பார்கள். மறைந்திருக்கும்தான். ஆனால் முதலை வெறும் நீருக்குள்ளேயே நன்றாக மறையக்கூடியது. மனிதரையும் நாயையும் விளிம்புக்கு வராமல் தடுப்பதுதான் புதரின் வேலை, வேலியின் வேலையும் அதுவே. இதெல்லாம் காட்சியைக் கெடுக்கும், விலையைக் குறைக்கும் என்பதால்தான் செய்யாமல் விடுகிறார்கள். அறிவிப்பின் அருமைக்கு 2016 ஜூனில் ஆர்லாண்டோ அருகே டிஸ்னி விடுதியின் ஏரிக்கரையில் நடந்த துயரமே சான்று. செயற்கை மணற்கரையில், ஆழமில்லாத நீரில் நின்ற இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துச் சென்றது. அங்கே ‘நீந்தக் கூடாது’ என்ற பலகை இருந்தது, முதலை என்ற சொல் அதில் இல்லை. முதலை, பாம்பு எச்சரிக்கைப் பலகைகளும் வேலிகளும் அதற்குப் பிறகு வந்தன. வெளியூரிலிருந்து வந்த பெற்றோருக்கு, கணுக்கால் நீரிலும் ஆபத்து உண்டு என்பது எப்படித் தெரியும்? ஆபத்தை அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். வீடு விற்பவர், விடுதி நடத்துபவர், குடியிருப்போர் சங்கம் என்று எல்லோருக்கும் இந்தக் கடமை உண்டு.

டாம்பாவிலும் ஆர்லாண்டோவிலும் ஜாக்சன்வில்லிலும் இன்று ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பேரக் குழந்தைகளைப் பார்க்க ஊரிலிருந்து போகும் பெரியவர்கள் மாலையில் நடக்கும் இடமும் பெரும்பாலும் இந்தக் குளக்கரைகள்தான். கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டுப் பழகியவர்களுக்கு அங்கேயும் மிஞ்சிய சோற்றை நீரில் போடத் தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே நடங்கள், நீர் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நடங்கள், இருட்டும் முன் வீடு திரும்புங்கள். நாய் இருந்தால் அதைக் கரைப்பக்கம் விடாதீர்கள். நான்கடிக்கு மேல் நீளமான முதலை அருகில் வந்தாலோ, உங்களைக் கண்டும் விலகாமல் நின்றாலோ, நீங்களே விரட்டப் பார்க்காமல் பிள்ளைகளிடம் சொல்லித் தொலைபேசியில் புகார் செய்யுங்கள். ஃப்ளோரிடாவில் அதற்கான கட்டணமில்லா எண் 866-392-4286.