மகிழுந்தின் மூளையும் புகைக்குழாயும்

புகைக்குழாயில் உள்ள தூய்மைக் கருவியைக் கழற்றிவிட்டால் மகிழுந்து கூடுதல் வேகத்துடன் ஓடும் எனச் சிலர் நம்புகின்றனர். புகை தடையின்றி வெளியேறினால் இயந்திரத்தின் ஆற்றல் பெருகும் என்பது அவர்களின் எண்ணம். ஆனால், இன்றைய மகிழுந்துகளில் அக்கருவி தனித்து இயங்குவதில்லை. எரிபொருளின் அளவை முடிவு செய்யும் கணினியோடு இணைந்தே அது செயல்படுகிறது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. காற்று குறைந்தால் பெட்ரோலின் ஒரு பகுதி சரியாக எரியாமல், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு மிகுதியாக உருவாகும். இரத்தம் உயிர்வளியைச் சுமந்து செல்வதை அவ்வாயு தடுத்துவிடும்.

இத்தகைய நச்சு வாயுக்களைக் குறைப்பதற்காகவே புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி பொருத்தப்படுகிறது. அதன் உள்ளே தேன்கூடு போன்ற அமைப்பு இருக்கும். அதன்மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். சூடான புகை அவற்றைத் தொட்டுச் செல்லும்போது, நச்சு வாயுக்களில் பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறிவிடும். காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலந்தால்தான் இந்த மாற்றம் நன்கு நடைபெறும்.

அந்த விகிதத்தைக் காப்பது கணினியின் பணி. புகையில் எஞ்சியுள்ள உயிர்வளியை அளக்க, வினையூக்கி மாற்றிக்கு முன்னும் பின்னும் உணரிகள் உள்ளன. முன் உணரி உயிர்வளி மிகுந்திருப்பதாகத் தெரிவித்தால், கணினி பெட்ரோலைச் சற்றுக் கூட்டும். குறைந்திருப்பதாகத் தெரிவித்தால், பெட்ரோலைக் குறைக்கும். இத்திருத்தம் இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கும். 1976ஆம் ஆண்டில் வோல்வோ நிறுவனத்தின் மகிழுந்தில் போஷ் நிறுவனம் தயாரித்த இத்தகைய உணரி முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது.

வினையூக்கி மாற்றியை அகற்றினால் என்ன நேரும்? அதன் முன்னும் பின்னும் புகையின் தன்மை ஒன்றுபோலவே இருக்கும். இதனைப் பின் உணரி காட்டிக்கொடுக்க, ஓட்டுநரின் முன்னுள்ள எச்சரிக்கை விளக்கு எரியும். பல மகிழுந்துகளில் பின் உணரியின் தகவலைக் கொண்டும் கணினி பெட்ரோலின் அளவைத் திருத்துகிறது. தகவல் பிழையானால் அத்திருத்தமும் பிழையாகும்.

மாற்றுக்குழாயைச் சரியாகப் பொருத்தாவிட்டால் சிக்கல் பெருகும். முன் உணரிக்கு அருகில் சிறு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே நுழையும். அதிலுள்ள உயிர்வளியை உணரி கண்டறியும். பெட்ரோல் போதவில்லை எனத் தவறாக எண்ணி, கணினி மேலும் பெட்ரோலைச் செலுத்தும். இதனால் எரிபொருள் வீணாகும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். முன் உணரியையே நீக்கிவிட்டால், கணினி உண்மை நிலையை அறிய வழியின்றி, முன்பே பதிவு செய்யப்பட்ட அளவுகளைக் கொண்டு தோராயமாகவே இயங்கும்.

சிலர் எச்சரிக்கை விளக்கு எரியாதபடி உணரியை ஏமாற்றும் பொருள்களைப் பொருத்துகின்றனர். விளக்கு அணைவதால் புகை தூய்மையாகிவிடாது. பின்னாளில் உண்மையான கோளாறு ஏற்பட்டாலும் அது வெளியே தெரியாமல் போகலாம்.

மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், பெட்ரோல் வாகனங்களின் புகையைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகள் 1996இல் இயற்றப்பட்டன. சாலையோரம் நடப்பவரும் பேருந்துக்காகக் காத்திருக்கும் மாணவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனர். ஆகவே, தூய்மைக் கருவியைக் கழற்றுவது வாகன உரிமையாளரின் சொந்த விருப்பம் மட்டுமன்று. பிறர் நலனையும் பாதிக்கும் செயலாகும்.