கலப்புலோகமும் கருவியும்: கட்டைவிளையாட்டும் மலைநாட்டுத் தேயிலையும்

மனிதனது நாகரிக வளர்ச்சியைக் கற்காலம், வெண்கலக்காலம், இரும்புக்காலம் என வரலாற்றறிஞர் வகுப்பர். அரசரின் பெயராலன்றிக் கருவி செய்த பொருளின் பெயரால் காலங்களைக் குறித்த இம்முறை, கருவியே வாழ்க்கையை மாற்றுவது என்னும் உண்மையை அடிப்படையாகக் கொண்டது. அதே உண்மையை அடிப்படையாகக் கொண்டு எழுந்த கணினி விளையாட்டொன்று இக்காலத்து இளைஞரிடையே பெரிதும் பரவியுள்ளது. மார்க்கஸ் பெர்சன் என்னும் சுவீடன் நாட்டவர் 2009ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கி, 2011இல் முழுவடிவம் பெற்ற 'மைன்கிராப்ட்' என்பதே அது. சதுரக் கட்டைகளாலாகிய அவ்வுலகில் விளையாடுவோன் முதலில் மரத்தாற் கருவி செய்கிறான். பின்னர்க் கல், இரும்பு, வைரம் என ஒவ்வொரு படியாக உயர்கிறான்.

அவ்விளையாட்டிற்குப் புதிய உலோகங்களும் கருவிகளும் காலந்தோறும் சேர்க்கப்பட்டு வந்துள்ளன. 2020இல் நெதரைற் என்னும் கற்பனைக் கலப்புலோகம் சேர்ந்தது. அதன் துண்டுகள் நான்குடன் பொற்கட்டிகள் நான்கைச் சேர்த்தால் நெதரைற்றுக் கட்டியொன்று கிடைக்கும். 2021இல் செம்பும் 2025இல் செம்புக் கருவிகளும் வந்தன. இவையன்றி, நிரலாக்கம் பயின்ற மாணவர் எவரும் தாமே மேற்சேர்ப்புகளை எழுதி இணைக்கலாம். அவ்வாறு ஓர் உலோகத்தைச் சேர்ப்பதென்பது, அதற்கு ஒரு பெயரும் ஓர் உருவமும் ஒரு செய்முறையும் சில எண்களும் கொடுப்பதேயாம். மரக்கருவி 59 முறையும் இரும்புக்கருவி 250 முறையும் வைரக்கருவி 1561 முறையும் பயன்பட்டபின் அழியும் என்பன அத்தகைய எண்கள். பொற்கருவிக்கு அவ்வெண் 32 மட்டுமே. விலையுயர்ந்த பொன் மரத்தினுந் தாழ்ந்தது என்பது நகைப்பிற்கிடமாகத் தோன்றினும், பொன் மெல்லிய உலோகம் என்னும் மெய்ம்மை அதிற் பொதிந்துள்ளது.

எனினும் எண்ணைக் கொடுப்பதற்குமுன் உலோகத்தின் இயல்பை அறிதல் வேண்டும். வெண்கலத்தை எடுத்துக்கொள்வோம். பல மேற்சேர்ப்புகளில் மூன்று செம்புக்கட்டிக்கு ஒரு வெள்ளீயக்கட்டி என்பது விதி. கட்டிகள் ஒரே கனவளவின எனக் கொண்டால், வெள்ளீயம் செம்பினும் அடர்த்தி குறைந்ததாதலின், நிறையில் அது ஏறத்தாழ 21 வீதமாகும். கருவிக்குரிய பண்டை வெண்கலத்தில் வெள்ளீயம் 10 வீதமளவே இருந்தது. 20 வீதத்திற்கு மேற்பட்ட கலப்பு மணி வார்க்கும் வெண்கலமாம். அது கணீரென ஒலிக்கும்; ஆயின் ஓங்கி அடித்தால் வெடித்துவிடும். விளையாட்டில் மலையைக் குடையும் அந்தப் பிக்காசு, மெய்யுலகில் கோயில் மணியாகத் தொங்கவேண்டிய பொருளாகும்.

இதன் காரணம் அணுக்களின் அடுக்கிலே உள்ளது. தூய உலோகத்தில் ஒரே அளவான அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. விசைபட்டதும் ஒரு படை மற்றொரு படைமீது எளிதில் வழுக்கிச் செல்லும். வேறளவான அணு இடையே புகுந்தால் அவ்வழுக்கல் தடைப்படும். உலோகம் வன்மை பெறும். தடை மிகுந்துவிட்டாலோ, வளைந்து கொடுக்கும் ஆற்றல் நீங்கி, நொறுங்குந் தன்மை வந்துசேரும். ஆகவே வன்மையும் உரமும் ஒன்றல்ல. ஒன்றை ஏற்ற மற்றொன்று இறங்குவதுண்டு. விளையாட்டு இவ்விரண்டையும் ஒரே எண்ணில் அடக்குகிறது. மேலும் அதன் சாதாரண உலை எப்பொருளையும் 10 வினாடியில் உருக்கும். மெய்யுலகில் வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலும், செம்பு 1085 பாகையிலும், இரும்பு 1538 பாகையிலும் உருகுவன. நாகமோ 907 பாகையிற் கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகுமுன்னரே அது பறந்துவிடுமாதலின் பித்தளை செய்வது பண்டையோர்க்கு அரிய கலையாயிற்று.

இலங்கையின் மலைநாடு இவ்விடயத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். மலைத்தொடரின் தென்சரிவில், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், மேற்குநோக்கிய சரிவுகளில் அமைந்த பழைய இரும்புருக்கும் உலைகளை ஆய்ந்த ஜில் ஜூலெப் என்னும் அம்மையார், அவை துருத்தியின்றித் தென்மேற்குப் பருவக்காற்றாலேயே இயங்கியவை என்பதைப் பரிசோதனை வாயிலாக நிறுவி 1996இல் வெளியிட்டார். டிக்கோயா, அட்டன் பகுதிகளின் தேயிலைக்கு மழை கொணரும் அதே காற்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பையும் உருக்கியது. தமிழகத்துக் கொடுமணல் முதலிய இடங்களிலும் உயர்காபன் உருக்குச் செய்யப்பட்டது. தென்னாட்டிலும் இலங்கையிலும் செய்யப்பட்டு, மேனாட்டார் 'வூட்ஸ்' என வழங்கிய உருக்கின் மறைபொருளைக் காண முயன்ற மைக்கேல் பரடே, உருக்குடன் வெள்ளி, பிளாற்றினம், ரோடியம் ஆகியவற்றைக் கலந்து பார்த்த ஆய்வுகளை 1820, 1822ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். புதுக் கலப்புருக்குகளைத் தேடும் முயற்சிக்கு அது ஒரு தொடக்கமாயிற்று.

தேயிலைத் தொழிலோ உலோகத்தைச் சுவையாற் சோதிப்பது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், தொடக்கத்திற் கொழுந்தை மேசைமீது கையாலேயே உருட்டச் செய்தார்; 1872இல் உருட்டும் பொறியொன்றை அமைத்தார். 1885இல் நானுஓயாவரை புகையிரதப் பாதை எட்டியபின் பாரமான பொறிகள் மலையேறின. கசங்கிய கொழுந்தின் சாற்றிலுள்ள பொலிபீனோல்கள் இரும்புடன் சேர்ந்தால் கருநிறங் கொள்ளும். கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து நம் முன்னோர் எழுதுமை செய்ததும் இவ்வியல்பு பற்றியே. எனவே, வன்மையில் உருக்குக்குத் தாழ்ந்ததாயினும், பித்தளையே உருட்டும் மேசைக்கும் அதன்மீதுள்ள வரிச்சட்டங்களுக்கும் உரியதெனக் கொள்ளப்பட்டது. பின்னர், 1913இல் செபீல்டு நகரில் ஹரி பிரேர்லி குரோமியங் கலந்த துருவா உருக்கைச் செய்தார். குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஒட்சைட்டுப் படலமாய் நின்று இரும்பைக் காப்பதால், வன்மையும் தூய்மையும் ஒருங்கே கிட்டின. 1930களில் அசாமில் தோன்றிய, கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் பொறியின் பல்லுருளைகளுக்கு அவ்வுருக்கே ஏற்றதாயிற்று.

மலைச்சரிவிலோ வேறொரு தேவை உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்வர். கவ்வாத்துக் கத்தி ஒரே வீச்சிற் கிளையை வழுவழுப்பாக வெட்டவேண்டும். கிளை பிளந்தால் நீர் தங்கி, மரம் உளுத்து, நோய் புகும். விளிம்பு கூர்மை காக்க உருக்கைக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து வன்மையேற்றுவர். அது கல்லிற் பட்டுத் தெறித்துவிடாதவாறு மீண்டும் இளஞ்சூட்டிற் பதப்படுத்துவர். காபன் வீதம் ஒன்றேயாயினும், சூடேற்றிய முறையால் கத்தி நன்றோ தீதோ ஆகின்றது. செய்முறைப் பட்டியல் மட்டும் கொண்டு கருவியை அறியமுடியாது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

மலைநாட்டுப் பாடசாலை மாணவன் ஒருவன் அவ்விளையாட்டிற்கு மேற்சேர்ப்பு எழுதுவானாயின், அவனுக்கு வேண்டிய பொருள்கள் அவன் வாழும் தோட்டத்திலேயே உள்ளன. கவ்வாத்துக் கத்தி, முள்ளு, சுரண்டி, அலவாங்கு, பித்தளை உருட்டுமேசை ஆகிய ஒவ்வொன்றிற்கும் வன்மை, உரம், துருவெதிர்ப்பு, சுவைக்கேடு எனத் தனித்தனி எண் கொடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் முதல்வனாகும் உலோகம் ஒன்றுமில்லை என்பதை அவன் தானே காண்பான். பாடநூலின் கலப்புலோக அட்டவணை உயிர்பெறும் இடம் அதுவே.

இவற்றோடு, எந்த மேற்சேர்ப்பிலும் எளிதில் விடுபடக்கூடிய எண்ணொன்றையும் சேர்த்தல் தகும். விளையாட்டிற் தேய்வது கருவி. தோட்டத்தில் கருவியுடன் கையுந் தேய்கிறது. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களே. ஆட்குறைவு பற்றிப் பறிப்புக் கத்தரிகள் தோட்டங்களுக்கு வந்துள்ளன. அவற்றால் பறிக்கும் கொழுந்தின் நிறை கூடலாம். அதனோடு முற்றிய இலையுங் காம்புங் கலத்தலும் கூடும். அக்கருவியைச் செங்குத்தான சரிவில் நாள்முழுதுந் தாங்குவன அவர்தம் தோளும் மணிக்கட்டுமே. கூடிய நிறையின் பயன் கூலியாக அவர்களைச் சேருமா, அன்றி நாட்கணக்கை உயர்த்த மட்டும் உதவுமா என்பது உலோகவியல் விடைகூறும் வினாவன்று. ஆயினும் அவ்வினாவை விடுத்துக் கருவியை மதிப்பிடல் குறையுடையதே.

புதிய உலோகமும் புதிய கருவியும் கற்பனையுலகிற் சில வரிகளாற் பிறப்பன. மெய்யுலகிலோ அவை மண்ணையும் நெருப்பையும் காற்றையும் மனிதக் கையையும் கடந்தே வருகின்றன. முன்னதைச் செய்யும் இளைஞர் பின்னதை அறிந்து செய்வாராயின், விளையாட்டுங் கல்வியாகும்.