காசநோயும் டி செல்லின் இரு வாயில்களும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்ரயிலில் குரோம்பேட்டையை அடுத்து வரும் நிலையத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. நாள்தோறும் அவ்வழியே கல்லூரிக்குப் போகும் மாணவர் பலர் அப்பெயர் எப்படி வந்தது என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கி உடல் தேறும் மருத்துவமனையைத்தான் சானடோரியம் என்பார்கள். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் பன்னிரண்டே படுக்கைகளுடன் இங்கு அதைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் இத்தகைய மருத்துவமனை ஒன்றை நடத்திவந்தார். கணித மேதை இராமானுஜன் அங்கே சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றதுண்டு. 1937-இல் தாம்பரம் சானடோரியத்தைச் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்டது.

அக்காலத்தில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து ஏதும் கிடையாது. நல்ல காற்று, சத்துள்ள உணவு, ஓய்வு. இவ்வளவுதான் சிகிச்சை. பலர் இறந்தனர், ஆனாலும் சிலர் பிழைத்தனர். அவர்களைப் பிழைக்க வைத்தவை எவை? அவர்களது உடலிலேயே இருந்த வெள்ளணுக்கள்தாம்.

நுரையீரலுக்குள் நுழையும் கிருமியை முதலில் எதிர்ப்பது விழுங்கு செல். கிருமியை ஒரு சிறு பைக்குள் இழுத்து, அப்பையில் அமிலத்தைச் சேர்த்து, செரித்துவிடுவது இதன் வழக்கம். காசநோய்க் கிருமியோ பொல்லாதது. பைக்குள் அமிலம் ஏறாதபடி தடுத்துவிட்டு, தன்னை விழுங்கிய செல்லிலேயே குடியிருக்கிறது! இந்த நிலையில் விழுங்கு செல்லுக்கு உதவிக்கு வருவது டி செல் என்னும் மற்றொரு வகை வெள்ளணு. அது காமா இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரக்கிறது. அப்பொருள் பட்டதும் விழுங்கு செல் புத்துயிர் பெற்று, பைக்குள் மீண்டும் அமிலத்தை ஏற்றுகிறது.

டி செல்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தாம்பரமே கண்கூடாகக் கண்டது. 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகள் இங்கு பெருமளவில் வரத் தொடங்கினர். எச்.ஐ.வி. வைரஸ் டி செல்களுள் ஒரு வகையை அழிப்பது. நலமானவர் இரத்தத்தில் கன மில்லிமீட்டருக்கு 500-க்கு மேல் இருக்க வேண்டிய அவ்வகைச் செல்கள் 200-க்கும் கீழே போய்விடும். அந்நோயாளிகள் மிகப் பலரைக் காசநோய் பற்றிக்கொண்டது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு வைரஸை அடக்கும் மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது தாம்பரமும் அத்திட்டத்தில் இடம்பெற்றது.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. டி செல்கள் நிறைய இருந்தும் எந்தத் தொற்றையும் எதிர்க்க இயலாத குழந்தைகள் மிக அரிதாகப் பிறப்பதுண்டு. அத்தகைய குழந்தைகளின் செல்களில் உள்ள பழுதை அஞ்சனா ராவ் குழுவினர் அமெரிக்காவில் ஆராய்ந்து 2006-இல் கண்டறிந்தனர். ஓராய் என்ற புரதத்தில் ஒரு சிறு மாற்றம், அவ்வளவே. செல்லின் சவ்வில் கால்சியம் நுழைவதற்கான வாயில் அது.

வாயில் என்றதும் கதவு நினைவுக்கு வரும். உண்மையில் இவை சவ்வில் பதிந்துள்ள நுண்துளைப் புரதங்கள். மின்னூட்டம் பெற்ற அணுக்களான அயனிகளுள் தனக்குரியதை மட்டும் ஒவ்வொன்றும் விடும். செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. டி செல் கிருமியின் அடையாளத்தை இனங்கண்டதும், தனக்குள் சேமித்து வைத்த கால்சியத்தை முதலில் வெளிவிடுகிறது. சேமிப்பு குறைந்ததும் ஓராய் திறக்கிறது. வெளியிலுள்ள கால்சியம் பாய்கிறது. அதனால் கால்சினியூரின் என்ற நொதி விழித்தெழுந்து, செல்லின் உட்கருவுக்குச் செய்தி போகக் காரணமாகிறது. அதன் பிறகே இன்டர்ஃபெரான் உற்பத்தி.

இங்கே ஒரு சிக்கல். செல்லின் உட்புறம் எதிர் மின்னூட்டம் உடையது. அதுவும் கால்சியத்தை உள்ளே இழுக்கிறது. ஆனால் கால்சியம் அயனி ஒவ்வொன்றும் இரண்டு நேர் மின்னூட்டங்களைக் கொண்டுவருவதால் அந்த ஈர்ப்பு விரைவில் தளர்ந்துவிடுமே! வாய் குறுகிய புட்டியை வாளி நீரில் அமிழ்த்திப் பாருங்கள். உள்ளிருக்கும் காற்று 'களக், களக்' என்று வெளியேற வெளியேறத்தான் நீர் புகும். புட்டியில் இடத்துக்குப் போட்டி, செல்லில் மின்னூட்டத்துக்கு. அந்தக் காற்றைப்போல் இங்கே வெளியேறுவது பொட்டாசியம். அதற்கெனத் தனி வாயில் உண்டு.

1984 வரை இத்தகைய மின் வாயில்கள் நரம்புக்கும் தசைக்கும் உரியவை என்றே பெரும்பாலோர் கருதினர். அவ்வாண்டு கலிஃபோர்னியாவில் டி கூர்சி, சாண்டி, குப்தா, கஹலன் ஆகியோர் நுண்ணிய கண்ணாடிக் குழாயை டி செல்லின் மேல் ஒட்டவைத்து மின்னோட்டத்தை அளந்தார்கள். பொட்டாசியம் வாயில் அங்கும் இருந்தது! கொயினா போன்ற பொருள்களால் அதை அடைத்தபோது டி செல்கள் பெருகவில்லை. இவர்களுள் ஜார்ஜ் சாண்டி நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பின்னாளில் அவர், கடல் சாமந்தி என்னும் கடல்வாழ் உயிரின் நஞ்சு இதே வாயிலை அடைப்பதைக் கொண்டு, டி செல்கள் தம் உடலையே தாக்கும் நோய்களுக்கு மருந்து தேடினார்.

ஆனால் டி செல்லை அடக்குவது விளையாட்டன்று. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின், கால்சினியூரினைத் தடுக்கும் மருந்து. புதிய சிறுநீரகத்தை டி செல்கள் தாக்காமலிருக்க அது தேவை. அத்தகையவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். ஆகவேதான் அவர்களுக்குச் சில வாரங்கள் இருமல் நீடித்தாலும் மருத்துவர்கள் உடனே சளியைச் சோதிக்கச் சொல்கிறார்கள்.