எலும்புக்குள் ஊறும் உயிர்

பெரிய முதலியார்சாவடி தொடங்கி மரக்காணத்து உப்பளங்கள் வரையுள்ள நம் கடற்கரை ஊர்களில், பிள்ளை வெளிறிப்போனால் "சோகை பிடித்திருக்கிறது, கீரை கொடு" என்பார்கள் பெரியவர்கள். பெரும்பாலும் அது சரியே. ஆயினும், கீரைக்கும் மாத்திரைக்கும் அடங்காத சோகையும் உண்டு. குருதி பிறக்குமிடம் எலும்பு மஜ்ஜை. ஊற்றே பழுதானால் நீர் எவ்வாறு தெளியும்? தலசீமியாவும் இரத்தப் புற்றுநோயும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இந்நோய்களோடு போராடுவதையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர் டாக்டர் மாம்மன் சாண்டி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, ஆஸ்திரேலியாவில் குருதியியற் பயிற்சி பெற்று, வேலூருக்கே திரும்பினார். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983-ஆம் ஆண்டு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியிருந்தது. 1986-இல் வேலூரிலும் அதனைத் தொடங்கினார் அவர்.

இச்சிகிச்சையில் கத்திக்கு வேலை குறைவு. பொறுமைக்கே வேலை மிகுதி. கடுமையான மருந்துகளால் நோயாளியின் பழைய மஜ்ஜையை முதலில் அழிக்கிறார்கள். பின்னர், கொடையாளியின் இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுத்த மஜ்ஜையை, இரத்தம் ஏற்றுவதுபோலவே நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். அது தானே வழி கண்டு எலும்புக்குள் குடியேறுகிறது. புதுக் குருதி ஊறுவதற்கு இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை; சிறு கிருமியும் உயிருக்கு உலை வைக்கும். ஆகவே மருத்துவர் ஒருவரின் திறமை மட்டும் போதாது. செவிலியர், இரத்த வங்கி, ஆய்வுக்கூடம் யாவும் ஓருடலாக இயங்க வேண்டும். அத்தகைய துறையொன்றை வேலூரில் உருவாக்கியதே டாக்டர் சாண்டியின் பெருஞ்சாதனை.

கொடையாளி பெரும்பாலும் உடன்பிறந்தவரே. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலும், ஒருவர் மஜ்ஜை மற்றொருவருக்கு முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. கொடுத்தவரின் மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். தம்பிக்கு அக்காள் உயிர்கொடுப்பது இங்கே வெறும் சொல்லன்று.

2011-இல் கொல்கத்தாவில் திறக்கப்பட்ட டாட்டா மருத்துவ மையத்தின் இயக்குநராகவும் அவர் பணியாற்றினார். 2019-இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

பெற்றோரே, நெடுநாள் வெளிறலோடு ஓயாத காய்ச்சலோ, காரணமின்றித் தோலில் கன்றிய நீலத் திட்டுகளோ, கழுத்தில் நெறிக்கட்டிகளோ காணப்பட்டால் காலம் தாழ்த்தாதீர்கள். எளியதோர் இரத்தப் பரிசோதனையே முதற்படி. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.