திருத்தியதால் அரிதான அட்டைகள்

பேஸ்பால் அட்டைகளைச் சேகரிக்கும் அமெரிக்கர்களில் ஒரு சாரார் வீரரின் புகழைவிட அச்சகத்தின் கவனக்குறைவையே அதிகம் தேடுகிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, ஆள்மாறாட்டம், இடம் வலமாகத் திரும்பிய படம், விடுபட்ட மை என்று பிழைகளில் பல வகை உண்டு. ஆனால் பிழை இருக்கிறது என்பதாலேயே ஓர் அட்டைக்கு விலை ஏறிவிடாது. அச்சிட்ட நிறுவனம் அதைக் கண்டுபிடித்து, பாதியில் திருத்தியிருக்க வேண்டும். திருத்துவதற்கு முன் வெளியே போன பிரதிகள் கொஞ்சமாக இருந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு. கடைசிவரை திருத்தாமல் விட்ட பிழை எல்லாப் பிரதிகளிலும் இருக்கும். அதில் அரிது என்று சொல்ல ஒன்றுமில்லை.

1957இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஹேங்க் ஆரன் அட்டை இதற்கு நல்ல சாட்சி. வலக்கை ஆட்டக்காரரான ஆரன் அதில் இடக்கை ஆட்டக்காரராக நிற்கிறார். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டுவிட்டார்கள். சட்டையில் உள்ள 44 என்ற எண்கூட இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது. டாப்ஸ் இதைத் திருத்தவே இல்லை. எனவே அந்த அட்டைக்குக் கிடைக்கும் விலை ஆரனுக்கான விலைதான், பிழைக்கானது அல்ல. 1969இல் அதே நிறுவனம் ஆரேலியோ ரொட்ரீகஸ் என்ற வீரரின் அட்டையில் அவருடைய அணியில் மட்டை எடுத்துக் கொடுக்கும் பையனின் படத்தைப் போட்டது. அதுவும் திருத்தப்படவில்லை, கேட்பவர்கள் சிரிக்கும் கதையாக மட்டும் நிலைத்திருக்கிறது.

திருத்தத்தால் உண்டான அருமைக்கு மூலக்கதை இன்னும் பழையது. அந்நாளில் இந்த அட்டைகள் சிகரெட் பெட்டிகளுக்குள் வந்தன. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட தொகுதியைச் சேகரிப்பாளர்கள் டி206 என்பார்கள். ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் தமது பட்டியலில் இட்ட எண் அது. இந்தத் தொகுதியில் பிலடெல்பியா அணியின் ஷெரி மகீயின் பெயரில் நான்காம் ஆங்கில எழுத்து 'இ' என்பதற்குப் பதில் 'ஐ' ஆகிவிட்டது. பிழை சீக்கிரமே தெரிந்துவிட்டதால் சரிசெய்தார்கள். அதனால் தவறான பெயருடைய அட்டை பின்பக்கத்தில் பீட்மான்ட் சிகரெட் விளம்பரம் உள்ளதாக மட்டுமே கிடைக்கிறது.

அதே தொகுதியில் இதைவிட அரியது ஜோ டாயிலின் அட்டை. நியூயார்க் நகரில் அப்போது இரண்டு டாயில்கள் ஆடினார்கள்: அமெரிக்கன் லீக்கைச் சேர்ந்த ஹைலேண்டர்ஸ் அணியில் ஜோ, நேஷனல் லீக்கைச் சேர்ந்த ஜயன்ட்ஸ் அணியில் லாரி. அச்சகத்தார் குழம்பி, ஜோவின் படத்துக்குக் கீழே ஊர்ப்பெயருடன் நேஷனல் லீக்கின் சுருக்கத்தையும் சேர்த்துவிட்டார்கள். பிறகு அந்தச் சொல்லை மட்டும் நீக்கினார்கள். நீக்குவதற்கு முன் வெளிவந்தவற்றில் இன்று இருப்பதாகத் தெரிவது ஏறத்தாழ பத்துதான்.

1956இல் போமன் என்ற போட்டி நிறுவனத்தை டாப்ஸ் வாங்கியதிலிருந்து கால் நூற்றாண்டு சந்தை அநேகமாக அதன் கையிலேயே இருந்தது. இந்த ஏகபோகத்துக்கு எதிராக 1980இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும், 1981 பருவத்துக்கே ஃபிளீர், டான்ரஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களும் அவசரமாகத் தொகுதிகளை இறக்கின. அவசரம் அட்டைகளில் தெரிந்தது. கிரெய்க் நெட்டில்ஸின் பெயரில் முதல் எழுத்தையே ஃபிளீர் 'ஜி'க்குப் பதில் 'சி' என்று அச்சிட்டு, பின்பு மாற்றியது.

ஃபிளீருக்கு மிகப் பெரிய சங்கடம் 1989இல் வந்தது. பால்டிமோர் வீரர் பில்லி ரிப்கன் தோளில் மட்டையைச் சாய்த்து நிற்கும் படம். மட்டைப் பிடியின் அடிமுனையில் ஒரு கெட்ட வார்த்தை தெளிவாகத் தெரிகிறது. பயிற்சிக்கான மட்டையை அடையாளம் காணத் தாமே அதை எழுதியதாகப் பல ஆண்டுகளுக்குப் பின் ரிப்கன் ஒப்புக்கொண்டார். செய்தி பரவியதும் நிறுவனம் வார்த்தையை மறைக்கப் பல வழிகளை முயன்றது. ஒரு முறை கறுப்புக் கட்டம் வைத்தது. ஒரு முறை மேலே கிறுக்கியது. ஒரு முறை வெள்ளை பூசியது. இவற்றில் வெள்ளை பூசிய வகை மிகக் குறைவாக வெளிவந்ததால், எல்லாரும் தேடிய அசல் வார்த்தை உள்ள அட்டையைவிட அதற்கே இப்போது விலை அதிகம்.

எல்லாத் திருத்தங்களும் மேற்பார்வையாளர் கண்டுபிடித்ததால் வந்தவை அல்ல. 1990இல் டாப்ஸ் அச்சிட்ட ஃபிராங்க் தாமஸ் அட்டைகள் சிலவற்றில் முன்பக்கத்தில் பெயரே இல்லை. பெரிய தாளில் பல அட்டைகளைச் சேர்த்து அச்சிட்டுப் பிறகு வெட்டுவது வழக்கம். அந்தத் தாளின் ஒரு பகுதியில் கறுப்பு மை மட்டும் படியவில்லை. தாமஸுக்கு அக்கம்பக்கத்தில் அச்சான வேறு வீரர்களின் அட்டைகளிலும் கறுப்பு விடுபட்ட துண்டுகளைச் சேகரிப்பாளர்கள் தேடி எடுத்து, அருகருகே வைத்து, மை படியாத இடத்தின் வடிவத்தையே கண்டுவிட்டார்கள். பொழுதுபோக்கு என்பதைவிடத் துப்பறிதல் என்றே இதைச் சொல்லலாம்.

1974இன் வாஷிங்டன் அட்டைகளைப் பிழை என்பதே சற்று அநியாயம். சான் டியேகோவின் பாட்ரெஸ் அணி தலைநகருக்கு இடம்பெயர்வது உறுதி என்று நம்பிய டாப்ஸ் சில அட்டைகளில் அப்படியே அச்சிட்டது. மெக்டொனால்ட்ஸ் அதிபர் ரே கிராக் அணியை வாங்கிச் சான் டியேகோவிலேயே நிறுத்திக்கொண்டதும், அடுத்த அச்சில் ஊர் மாறியது.

விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். சாதாரண டாயில் அட்டையில் லீக்கின் பெயரைச் சேர்ப்பதும், சரியான மகீ அட்டையில் ஓர் எழுத்தைச் சுரண்டி மாற்றுவதும் பழைய வேலை. தாமஸ் அட்டையில் பெயரை அழித்துவிடலாம். ஆனால் அசலில் பெயரோடு அருகிலுள்ள கறுப்புக் கோடுகளும் விடுபட்டிருக்கும் என்பதை அழிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். இதனால்தான் விலையுயர்ந்த பிழை அட்டைகளைத் தரம்பார்க்கும் நிறுவனங்களிடம் கொடுத்து, எந்த வகைப் பிழை என்பதைச் சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வாங்கிக்கொள்கிறார்கள். ரிப்கன் அட்டைதான் அவர்களுக்கும் தொல்லை. வெள்ளை பூசியது தொழிற்சாலையா, அல்லது யாரோ தம் வீட்டு மேசையில் உட்கார்ந்து பூசினார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்.