கொடி கொழுத்தால் பூ குறையும்

காகிதப்பூவோ ரங்கூன் மல்லியோ வைத்தவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: கொடி மொட்டைமாடியை எட்டிவிட்டது, பூவைத்தான் காணோம். உடனே இன்னொரு பிடி யூரியா, இன்னொரு வாளி தண்ணீர். கோளாறே அந்த உபசாரத்தில்தான் இருக்கிறது. தழைச்சத்தும் ஈரமும் தாராளமாகக் கிடைக்கும்வரை வேகமாக வளரும் கொடி தண்டும் இலையுமாக நீண்டுகொண்டே போகும். காகிதப்பூவில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி மழைக்காலத்தில் இலையாகத் தழைக்கிறது. வேர்மண் காயும் கோடையில்தான் நிறம் கொட்டுகிறது. (நாம் பூ என்று ரசிப்பது நிறம் மாறிய இலைகளை, அசல் பூ நடுவில் இருக்கும் சின்னஞ்சிறு வெள்ளைக் குழல்.) வளர்ந்த கொடிக்கு, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும் என்பது இதனால்தான்.

செடியைப் பட்டினி போடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேர் பிடிக்காத இளங்கொடியையும் சித்திரை வெயிலில் நிற்கும் தொட்டிச் செடியையும் காயவிட்டால் கருகிவிடும். ஆனால் வேரூன்றிய கொடிக்குத் தேவை இடைவிடாத தீனி அல்ல, காலமறிந்த தீனி. பூவை விற்றுப் பிழைக்கும் மல்லிகை விவசாயிகளைப் பாருங்கள். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்துக்கும், முல்லையை ஜனவரி கடைசியில் சுமார் 45 செ.மீ. உயரத்துக்கும் கவாத்து செய்கிறார்கள். அதற்கு முன் பாசனத்தை நிறுத்துகிறார்கள்; உரம் வெட்டிய பிறகுதான். காரணம், மல்லிகை இனங்கள் புதுத்தளிரில்தான் அரும்பு கட்டும். ஆசையாய் வளர்த்ததை வெட்ட மனம் வராதுதான். வெட்டாமல் விட்டாலோ, அடிக்கொடி மரமாக முற்றி, பூக்கிற நுனி கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ரங்கூன் மல்லியும் புதுக்கிளையில் பூப்பதுதான். ஒரு சுற்றுப் பூ ஓய்ந்ததும் அதை வெட்டலாம்.

வெயில் இல்லாத இடத்தில் இவை எதுவும் பலிக்காது. அரை நாளாவது நேர்வெயில் விழாத சுவரோரத்தில் காகிதப்பூவை வைப்பது வீண். இடம் சரியாக இருந்தால், நேரே மேலேறும் கொடியைப் பந்தலிலோ கம்பியிலோ படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டுங்கள். நுனியின் ஆதிக்கம் தளர்ந்து பக்கமொட்டுகள் துளிர்க்கும், துளிர்கள் பெருகினால் அரும்புகளும் பெருகும். வெட்டவும் வளைக்கவும் பொழுதில்லாதவர்கள் சங்குப்பூ விதையை ஊன்றலாம். அவரை இனத்துக் கொடி அது. வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால், யூரியா மூட்டையை அதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.